பஞ்சுத் தூசிக்கு 50,000 ரூபாய் மெஷினா? வெள்ளகோவில் வீடுகளுக்கு ஏற்ற வேக்குவம் கிளீனர் எது?

வெள்ளகோவிலில் காலையில் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பார்த்தால் டி.வி ஸ்டாண்டின் மேல் மறுபடியும் வெள்ளைப் படலம் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள், கழிவுப் பஞ்சிலிருந்து நூல் எடுக்கும் ஓ.இ மில்கள். ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் காட்டுப் புழுதியும் சேர்ந்துகொள்ளும். தறிக்குடோனும் வீடும் ஒரே காம்பவுண்டில் இருக்கும் குடும்பங்களைக் கேட்கவே வேண்டாம். ஃபேன் இறக்கை, கொசுவலை, ஸ்லைடிங் ஜன்னலின் பள்ளம், கட்டிலுக்கு அடியில் என எங்கும் பஞ்சு.

இதையெல்லாம் தினமும் இரண்டு வேளை குனிந்து கூட்டுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். சீமாறு போடப் போட, கனமான குப்பை வாசலுக்குப் போகிறது. மெல்லிய தூசி காற்றில் எழும்பி, அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் வந்து இறங்குகிறது. வீட்டில் வீசிங் இருக்கும் குழந்தையோ, மூச்சு வாங்கும் பெரியவரோ இருந்தால் இது வெறும் சுத்தப் பிரச்னை மட்டும் அல்ல.

அதனால்தான் தீபாவளி ஆஃபரில் வேக்குவம் கிளீனர் விளம்பரம் வந்தால் பலரின் கை மொபைலில் நின்றுவிடுகிறது. விலை சில ஆயிரத்தில் தொடங்கி 60,000 ரூபாயைத் தாண்டிப் போகிறது. மாதத் தவணையும் கிடைக்கிறது. ஆனால் அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய மெஷின் இரண்டு வருடத்தில் பரணுக்குப் போகாமல் இருக்க வேண்டுமே! எந்த மெஷின் எதற்கு ஏற்றது, கம்பெனிகள் எதை மாற்றினால் நம் வீட்டுக்குப் பயன்படும்? விரிவாகப் பார்ப்போம்.

ஊதுவதா, உறிஞ்சுவதா?

தறிக்கூடங்களில் கம்ப்ரஸர் வைத்து 'ஏர் அடித்து' பஞ்சைத் தள்ளுவது வழக்கம். தறி சுத்தமாகிவிடும், பஞ்சு பக்கத்துத் தறிக்கும், பக்கத்தில் நிற்பவரின் மூக்குக்கும் போகும்.

வேக்குவம் கிளீனர் பிறந்த கதையே இங்கேதான் தொடங்குகிறது. 1901-ம் ஆண்டு லண்டனில் காற்றை ஊதித் தூசியைத் தள்ளும் ஓர் இயந்திரத்தைப் பார்த்தார் பொறியாளர் ஹூபர்ட் செசில் பூத். ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நாற்காலியின் மேல் கைக்குட்டையை விரித்து, அதன் மேல் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். துணியின் அடிப்பக்கம் தூசி வளையமாக ஒட்டியிருந்தது. அதே ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் செய்த மெஷினைக் குதிரை வண்டியில் வைத்துத்தான் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள்.

அதை வீட்டுக்குள் கையில் தள்ளும் அளவுக்குச் சுருக்கியவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்க்ளர். கடை ஒன்றில் துப்புரவு வேலை பார்த்த அவருக்கு ஆஸ்துமா. கூட்டும்போது எழும் தூசி தாங்காமல் மின்விசிறி மோட்டார், தலையணை உறை எனக் கையில் கிடைத்ததை வைத்து ஒரு மெஷின் செய்தார். 1908-ல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கி வியாபாரமாக்கியது ஹூவர் குடும்பம்.

இந்தியாவில் இது வீடுகளுக்கு வந்தது யுரேகா ஃபோர்ப்ஸ் மூலம். ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸோடு கூட்டாக 1982-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் விற்பனையாளர்கள், டை கட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து சோஃபாவில் டெமோ காட்டியது பல குடும்பங்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.

நான்கு வகை, நான்கு குணம்

இன்று கடையில் இருப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

1. வயர் இல்லாத ஸ்டிக்: 'பிரீமியம்' என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் டைசன். பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்து பார்த்த பிறகு உருவானது இதன் சைக்ளோன் முறை. நம் ஊர் அரிசி ஆலைகளின் மேல் தகரக் கூம்பு ஒன்று நிற்குமே, அதே தத்துவம்தான்: காற்றைச் சுழற்றினால் கனமான தூசி சுவரில் மோதிக் கீழே விழும்.

டைசனின் மாடல்களை ஒப்பிட்டால் ஒரு விஷயம் புரியும். வி8 மாடலின் உறிஞ்சு திறன் 115 ஏர்வாட், தூசி டப்பா 0.54 லிட்டர். வி12 டிடெக்ட் ஸ்லிம் 150 ஏர்வாட். எடை சுமார் 2.2 கிலோதான், ஆனால் டப்பா 0.35 லிட்டர். வி15 டிடெக்ட் 240 ஏர்வாட், டப்பா 0.77 லிட்டர், எடை சுமார் 3 கிலோ. வி12, வி15 இரண்டிலும் தரையில் பச்சை ஒளி அடித்துக் கண்ணுக்குத் தெரியாத தூசியைக் காட்டும் வசதி உண்டு.

0.35 லிட்டர் என்றால் இரண்டு டம்ளர்கூட இல்லை. சாதாரண வீட்டுத் தூசிக்கு அது போதும். ஆனால் பஞ்சு எடை இல்லாதது, இடத்தை மட்டும் அடைப்பது. ஒரு ரூமை முடிப்பதற்குள் டப்பா நிறைந்துவிடும். அதோடு, பஞ்சு இழை சுவரில் மோதிக் கீழே விழுவதைவிட, நடுவில் இருக்கும் சல்லடையைச் சுற்றிக்கொள்ளவே பார்க்கும். விரலை விட்டு இழுத்தால்தான் வரும்.

2. பை வைத்த கேனிஸ்டர்: தூசி ஒரு காகித அல்லது துணிப் பைக்குள் போய்ச் சேரும். நிறைந்ததும் பையோடு கழற்றிப் போடலாம். 1899-ல் தொடங்கிய ஜெர்மனியின் மியேலே நிறுவனம் இந்த வகைக்குப் பெயர்பெற்றது. பைகள் பொதுவாக மூன்று, நான்கு லிட்டர் பிடிக்கும். பழைய காலத்து டிசைன் போலத் தெரிந்தாலும், மூச்சுப் பிரச்னை உள்ள வீட்டுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: கொட்டும்போது தூசி முகத்தில் அடிக்காது. பை இல்லாத மெஷினில் எவ்வளவு நல்ல ஃபில்டர் இருந்தாலும், டப்பாவைத் திறந்து தட்டும் அந்த நிமிடத்தில் பிடித்த தூசியெல்லாம் மறுபடி காற்றில் எழும். பையைத் தொடர்ந்து காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதும், அந்த மாடலுக்கான பை நம் ஊர்க் கடைகளில் கிடைக்க வேண்டுமே என்பதும் இதன் சிக்கல்.

3. வெட் அண்டு டிரை டிரம்: ஜெர்மனியின் கார்ஷர், யுரேகா ஃபோர்ப்ஸ், இனால்ஸா, அகாரோ எனப் பல பிராண்டுகளில் கிடைக்கிறது. டிரம் 15 லிட்டருக்கு மேலும் உண்டு. தண்ணீரையும் உறிஞ்சும், பல மாடல்களில் ஊதவும் வசதி உண்டு. விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. ஆனால் சத்தம் அதிகம், இடத்தை அடைக்கும், வயரை இழுத்துக்கொண்டே சுற்ற வேண்டும். ஃபில்டர் மெலிதாக இருந்தால் நுண்ணிய தூசி பின்பக்கமாக வெளியே வந்துவிடும்.

4. ரோபோ: ஐரோபோட் நிறுவனத்தின் ரூம்பா 2002-ல் வந்தது. இன்று எக்கோவாக்ஸ், ரோபோராக், ட்ரீமி, ஷாவ்மி எனச் சீன பிராண்டுகள் நிறைய. கூட்டித் துடைக்கவும் செய்யும். கட்டிலுக்கு அடியில் தினமும் போய்வர இதைவிட வசதி இல்லை. ஆனால் வாசல்படி உயரமாக இருந்தால் தாண்டாது. தரையில் நூல் துண்டு கிடந்தால் சைடு பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். நூல் கோனும் பாவு நூல் மிச்சமும் இறைந்து கிடக்கும் வீட்டுக்கு ரோபோவை நம்பிப் பலன் இல்லை.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

ஒரு பெட்டியில் 1,600 வாட் என்று இருக்கும். இன்னொன்றில் 20 கிலோபாஸ்கல். ரோபோவில் 10,000 பாஸ்கல். ஸ்டிக்கில் 150 ஏர்வாட். எதை எதோடு ஒப்பிடுவது?

வாட் என்பது மெஷின் இழுக்கும் கரன்ட். அது பில்லைத்தான் சொல்லும், சுத்தத்தைச் சொல்லாது. பாஸ்கல் என்பது குழாயின் வாயை முழுவதும் அடைத்தால் உருவாகும் இழுவிசை. குழாய் திறந்திருக்கும்போது எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதை அது சொல்லாது. ஏர்வாட் இழுவிசை, காற்றோட்டம் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவது. நான்கில் ஓரளவு நம்பத்தக்கது. அதுவும் 'பூஸ்ட்' எனும் முழு வேகத்தில் அளந்த எண்ணாகத்தான் இருக்கும். அந்த வேகத்தில் பல ஸ்டிக் மெஷின்களின் பேட்டரி பத்து நிமிடம்கூட நிற்காது. பெட்டியில் போட்டிருக்கும் 40 நிமிடம், 60 நிமிடம் எல்லாம் குறைந்த வேகத்துக்கான கணக்கு.

ஐரோப்பாவில் 2014-ல் வேக்குவம் கிளீனர்களுக்கு 1,600 வாட் என்ற உச்சவரம்பு வந்தது. 2017-ல் அதை 900 வாட்டாகக் குறைத்து, சத்தம் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தார்கள். மெஷின்கள் கூட்டுவதை நிறுத்திவிடவில்லை. கம்பெனிகள் வடிவமைப்பைத் திருத்திக்கொண்டன. அதே சமயம் அங்கு ஒட்டப்பட்ட எனர்ஜி லேபிள், காலியான டப்பாவோடு செய்த சோதனையை வைத்துக் கொடுக்கப்பட்டது. வீட்டில் யாரும் காலி டப்பாவோடு கூட்டுவதில்லையே என்று டைசன் வழக்குப் போட்டது. 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அந்த லேபிள் விதியை ரத்து செய்தது.

பஞ்சு ஊரில் வாங்குபவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: டப்பா பாதி நிறைந்த பிறகு இந்த மெஷின் எப்படி இழுக்கும்?

ஹெப்பா ஃபில்டர் விஷயத்திலும் கவனம் தேவை. 'ஹெச்13' தர ஃபில்டர், மிகக் கடினமான அளவுள்ள நுண்துகள்களில்கூட 99.95 சதவிகிதத்தைப் பிடிக்கும். ஆனால் ஃபில்டர் மட்டும் நன்றாக இருந்து, மூடியின் இடுக்கு வழியாகக் காற்று கசிந்தால் பயன் இல்லை. மெஷின் முழுவதும் கசிவில்லாமல் அடைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

நம் வீடு கார்பெட் வீடு அல்ல

பிரீமியம் மெஷின்களின் திறன் பெரும்பகுதி தடிமனான கார்பெட்டுக்காகச் செய்யப்பட்டது. டைல்ஸ், மொசைக், ரெட் ஆக்சைடு தரைக்கு 240 ஏர்வாட் தேவையே இல்லை. 100 ஏர்வாட் தாராளம். அதனால் மேல் மாடலுக்குப் போகும்போது கூடுதலாகக் கொடுக்கும் பணம், நம் வீட்டில் சுத்தமாக மாறுவதில்லை. அந்தப் பணத்துக்குப் பெரிய டப்பாவும், தரைக்கான மென்மையான ரோலரும், கூடுதல் பேட்டரியும் கிடைத்தால் அதுதான் லாபம்.

கம்பெனிகள் மாற்ற வேண்டியவை

டப்பாவின் அளவு: ஸ்டிக் மெஷினுக்கு ஒரு லிட்டர் டப்பாவை விருப்பத் தேர்வாகவாவது தரலாம். சில நூறு கிராம் எடை கூடும். ரூமுக்கு ஒரு தடவை குப்பைத்தொட்டிக்கு ஓடும் வேலை குறையும்.

நூல் சுற்றாத பிரஷ்: தலைமுடி சுற்றாமல் இருக்கக் கூம்பு வடிவ பிரஷ்ஷை வி12, வி15 மாடல்களோடு டைசன் தருகிறது. அந்த யோசனையைத் தரை கூட்டும் முக்கிய பிரஷ்ஷுக்கும் எல்லா கம்பெனிகளும் கொண்டுவர வேண்டும். பிரஷ்ஷைக் கருவி இல்லாமல் கையால் கழற்றவும் முடிய வேண்டும்.

பிடித்துக்கொண்டே இருக்கும் டிரிகர்: பல மாடல்களில் விரலால் அழுத்தியபடியே கூட்ட வேண்டும். பேட்டரி மிச்சம்தான், ஆனால் மூட்டுவலி உள்ள கைக்குப் பத்து நிமிடமே பெரும் பாடு. புதிய சில மாடல்களில் பட்டன் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் வர வேண்டும். உயரத்துக்கு ஏற்பக் குழாயை நீட்டிக் குறைக்கும் வசதியும் அப்படித்தான்.

வெயில் தாங்கும் பேட்டரி: லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. தமிழ்நாட்டில் அதிக வெயில் பதிவாகும் இடங்களில் ஒன்றான கரூர் பரமத்தி பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த வெயிலில் மூன்று வருடம் கழித்து பேட்டரி எத்தனை நிமிடம் நிற்கும் என்று பெட்டியிலேயே போட வேண்டும். மாற்று பேட்டரியின் விலையும், எத்தனை வருடம் வரை அது கிடைக்கும் என்ற உறுதியும் விலைச்சீட்டின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

சர்வீஸ்: வெள்ளகோவிலிலிருந்து கோவைக்குச் சுமார் 90 கிலோமீட்டர். ஒரு ஃபில்டருக்காகவோ சுவிட்சுக்காகவோ அவ்வளவு தூரம் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். காங்கேயம், தாராபுரம், கரூர் போன்ற ஊர்களில் ஏற்கெனவே இருக்கும் வீட்டு உபயோகப் பொருள் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் உதிரிபாகமும் கொடுத்தாலே பாதிப் பிரச்னை தீரும். மோட்டார், பம்ப் ரிப்பேருக்கு ஆள் பஞ்சம் இல்லாத மண்டலம் இது.

ரிப்பேர் மதிப்பெண்: பிரான்ஸில் 2022 நவம்பரிலிருந்து வேக்குவம் கிளீனர்களுக்கும் 'எவ்வளவு எளிதாக ரிப்பேர் செய்யலாம்' என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்க வேண்டும். இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அதே ஆண்டு டிசம்பரில் 'ரிப்பேர் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. அடுத்த படியாக, பெட்டியின் மேல் மதிப்பெண் வந்தால் வாங்குபவருக்கு ஒரே பார்வையில் புரியும்.

தமிழில் கையேடு: எந்த ஃபில்டரைக் கழுவலாம், எதைக் கழுவக் கூடாது என்பது தெரியாமல் கெட்டுப்போகும் மெஷின்களைத் தடுக்க, படத்தோடு நாலு பக்கம் தமிழில் இருந்தால் போதும்.

தறிக்கூடத்துக்கு வீட்டு மெஷின் வேண்டாம்

காசு கொடுத்து வாங்கிய மெஷினை அப்படியே தறிக்குடோனுக்கும் கொண்டுபோகலாமே என்று தோன்றும். கூடாது. வீட்டு மெஷின் அந்த அளவு பஞ்சுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் செய்யப்பட்டதல்ல. அடைத்துக்கொண்டால் மோட்டார் சூடாகும், பஞ்சோ எளிதில் தீப்பிடிக்கும்.

பஞ்சுத் தூசியைப் பல வருடம் சுவாசிப்பவர்களுக்கு 'பிஸினோசிஸ்' என்ற நுரையீரல் நோய் வரலாம். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்குவது இதன் அடையாளம். அமெரிக்காவில் 1978-ல் வந்த பருத்தித் தூசி விதி, வேறு வழி இருக்கும் இடங்களில் ஏர் அடித்துச் சுத்தம் செய்வதையே தடுக்கிறது. தரையை வேக்குவத்தால், அல்லது தூசி எழாத வேறு முறையால் சுத்தம் செய்யச் சொல்கிறது. இதற்கான தொழிற்சாலை மெஷின்களைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஹாக்கோவோடு சேர்ந்து தொடங்கப்பட்ட ரூட்ஸ் மல்டிகிளீன் கோவையிலேயே இருக்கிறது. நாலு தறி, எட்டுத் தறி வைத்திருப்பவரும் வாங்கும் விலையில், பஞ்சுக்கென்றே ஒரு சிறிய மெஷின் வந்தால் கொங்கு மண்டலம் முழுக்கச் சந்தை இருக்கிறது.

யாருக்கு எது?

* வீட்டில் ஆஸ்துமா, வீசிங் இருந்தால்: பை வைத்த, கசிவில்லாத ஹெப்பா கேனிஸ்டர். டாக்டரின் ஆலோசனைக்கும் மருந்துக்கும் இது மாற்று அல்ல.
* தறிக்குடோனை ஒட்டிய வீடு என்றால்: பெரிய டிரம் உள்ள வெட் அண்டு டிரை. ஹெப்பா ஃபில்டர் பொருத்த முடிகிற மாடலாகப் பாருங்கள்.
* டவுனுக்குள் சிறிய வீடு, தினம் பத்து நிமிட வேலை: நடுத்தர விலை ஸ்டிக் போதும்.
* தடையில்லாத டைல்ஸ் தரை, இருவரும் வேலைக்குப் போகும் வீடு: ரோபோ. வாசல்படி உயரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கிய பிறகு...

* கோலமாவு, சுண்ணாம்பு, சிமென்ட் தூள் ஆகியவற்றை ஸ்டிக் மெஷினில் உறிஞ்சாதீர்கள். ஃபில்டர் அடைத்துவிடும்.
* சாம்பிராணிச் சாம்பல், ஊதுபத்திச் சாம்பலில் கனல் இருக்கலாம். பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.
* கழுவக்கூடிய ஃபில்டர் என்றால் மாதம் ஒரு முறை பச்சைத் தண்ணீரில் கழுவி, 24 மணி நேரம் நன்றாகக் காயவிட்ட பிறகே மாட்டுங்கள்.
* பிரஷ்ஷில் சுற்றிய நூலை வாரம் ஒரு முறை கத்தரியால் வெட்டி எடுங்கள்.
* சார்ஜரை அடுப்படி, வெயில் படும் ஜன்னல் பக்கம் மாட்டாதீர்கள்.
* வாரன்டி இருந்தும் சர்வீஸ் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக ஒன்று. கடையில் டெமோ காட்டும்போது வழுவழுப்பான தரையில் கொஞ்சம் மாவைத் தூவி உறிஞ்சிக் காட்டுவார்கள். எந்த மெஷினும் அதில் பாஸாகிவிடும். அடுத்த முறை டெமோவுக்குப் போகும்போது, உங்கள் கட்டிலுக்கு அடியில் கூட்டிய பஞ்சையும் இரண்டு முழம் நூலையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். அதைத் தரையில் கொட்டி, டப்பா பாதி நிறையும்வரை உறிஞ்சிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அந்த டப்பாவை நீங்களே கழற்றிக் கொட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு அந்த மெஷின் சரிவருமா என்பது அந்த ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.